நீலப் பூ ரோஸ் ஆனது ஏன்?

கல்யாண வீட்டில் ஆரத்தி எடுப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள். அதில் மஞ்சள் தூள் போடுவார்கள். தண்ணீர் மஞ்சளாக இருக்கும். பிறகு ஒரு சிட்டிகை சுண்ணாம்பு கலப்பார்கள். உடனே தண்ணீர் சிவந்துவிடும்.

மஞ்சள் அதே மஞ்சள்தான். தண்ணீரும் அதே தண்ணீர்தான். சுண்ணாம்பு சேர்ந்ததும் நிறம் மாறிவிட்டது.

இதைப் போலவே நிறம் மாறும் ஒரு பூச்செடி இருக்கிறது. அதன் பெயர் ஹைட்ராஞ்சியா. ஓர் ஊரில் அது நீலமாகப் பூக்கும். அதே செடியை வேறு ஊரில் நட்டால் ரோஸ் நிறத்தில் பூக்கும். ஏன் இப்படி? இதைத் தெரிந்து கொண்டால் அந்தச் செடியை நன்றாக வளர்க்கலாம். நம் வீட்டு மண்ணைப் பற்றியும் தெரிந்து கொள்ளலாம்.

பார்த்தால் எப்படி இருக்கும்?

ஹைட்ராஞ்சியா ஒரு புதர்ச்செடி. மூன்றடி முதல் ஐந்தடி வரை வளரும். இலை பெரிதாக இருக்கும். இலையின் ஓரம் ரம்பம் போல இருக்கும். சிறு சிறு பூக்கள் சேர்ந்து ஒரு பந்து போலப் பூக்கும். ஒரு பந்து ஒரு முட்டைகோஸ் அளவு கூட இருக்கும்.

நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் இதழ் அல்ல. அது பூவின் புல்லி. கத்தரிப் பூவின் அடியில் பச்சையாக இருக்கிறதே, அதுதான் புல்லி. ஹைட்ராஞ்சியாவில் புல்லியே அகலமாகி, நிறம் ஏறி, இதழ் போல இருக்கிறது. அதனால்தான் இந்தப் பூ சீக்கிரம் உதிராது. பல வாரங்கள் செடியிலேயே நிற்கும்.

இந்தச் செடியின் சொந்த ஊர் ஜப்பான். ஜப்பான் மக்கள் இதை 'அஜிசாய்' என்று அழைக்கிறார்கள். அங்கே ஜூன் மாதம் மழைக்காலம். அந்த மழையில்தான் அது பூத்துக் குலுங்கும். ஹைட்ராஞ்சியா என்பது கிரேக்க மொழிச் சொற்களில் இருந்து வந்த பெயர். 'தண்ணீர்ப் பாத்திரம்' என்று பொருள். அதன் விதைக்காய் ஒரு சிறிய குடம் போல இருப்பதால் இந்தப் பெயர் வந்தது. பெயரில் மட்டும் அல்ல, குணத்திலும் இது தண்ணீரை விரும்பும் செடி.

நம் நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் இது செழித்து வளர்கிறது. வீட்டு வாசலிலும் வேலி ஓரத்திலும் பார்க்கலாம். அங்கே பெரும்பாலும் நீலப் பூதான்.

புனே நகரில் ஒரு சண்டை

மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள பெரிய நகரம் புனே. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து போன பலரும் அங்கே வாழ்கிறார்கள். புனே மக்களுக்குச் செடி கொடி மீது ஆசை அதிகம். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியிலும் துளசி, செம்பருத்தி, மல்லிகை வைத்திருப்பார்கள். சோலாப்பூர் சாலையில் உருளி காஞ்சன் பக்கம் போனால் நர்சரிகள் வரிசையாக இருக்கும். கேம்ப் பகுதிக்கு அருகே எம்பிரஸ் தோட்டம் என்ற பழைய தோட்டம் இருக்கிறது. ஜனவரி மாதத்தில், குடியரசு தினத்தை ஒட்டி, அங்கே மலர்க் கண்காட்சி நடத்துவது வழக்கம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நர்சரிக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். நீலப் பந்து பூத்த ஹைட்ராஞ்சியாவைப் பார்க்கிறார். மனம் மயங்கி வாங்கி வருகிறார். வீட்டில் உள்ள கறுப்பு மண்ணில் நடுகிறார். அந்தப் பூ வாடி முடிகிறது. அடுத்த ஆண்டு ஒரே ஒரு பந்துதான் பூக்கிறது. அதுவும் ரோஸ் நிறம்.

அவருக்குக் கோபம் வருகிறது. 'நர்சரிக்காரர் பூவுக்குச் சாயம் ஏற்றி விற்றுவிட்டார்' என்று திட்டுகிறார். அல்லது தோட்ட வேலைக்கு வருபவரைப் பிடித்துக் கொள்கிறார். 'என்ன மருந்து போட்டாய்? செடியைக் கெடுத்துவிட்டாயே' என்கிறார். தோட்ட வேலை செய்பவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் தினமும் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியவர். ஒரு தவறும் செய்யவில்லை. ஆனாலும் தலை குனிந்து நிற்கிறார். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

நர்சரிக்காரர் ஏமாற்றவில்லை. தோட்டக்காரரும் கெடுக்கவில்லை. பூவின் நிறத்தை மாற்றியது மண்.

மண்ணின் சுவை

மண்ணிலும் இரண்டு குணம் உண்டு. ஒன்று அமிலக் குணம். மற்றொன்று காரக் குணம்.

அமிலம் என்றால் புளிப்பு. எலுமிச்சைச் சாற்றில் அமிலம் இருக்கிறது. புளியில் இருக்கிறது. காரம் என்றால் இங்கே மிளகாய்க் காரம் அல்ல. சுண்ணாம்பு, சோப்பு, அடுப்புச் சாம்பல் ஆகியவற்றின் குணத்தைத்தான் காரம் என்கிறோம்.

மண் பரிசோதனை நிலையத்தில் இதை எண் போட்டுச் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. 7-க்குக் கீழே போனால் அமில மண். 7-க்கு மேலே போனால் கார மண்.

மண் எண் 5.5-க்குக் கீழே இருந்தால் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூக்கும். 6.5-க்கு மேலே இருந்தால் ரோஸ் நிறத்தில் பூக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஊதா நிறம் வரும். சில நேரம் ஒரே செடியில் ஒரு பந்து நீலமாகவும் ஒரு பந்து ஊதாவாகவும் இருக்கும்.

இதற்குக் காரணம் அலுமினியம். நாம் சமையல் பாத்திரத்தில் பார்க்கும் அதே உலோகம்தான். அது எல்லா மண்ணிலும் கலந்திருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மண் புளிப்பாக இருந்தால் அலுமினியம் தண்ணீரில் கரையும். வேர் அதை உறிஞ்சும். அது பூவுக்குப் போய்ச் சேரும். பூவில் உள்ள சாயத்தோடு கலந்து நீல நிறம் தரும். மண்ணில் சுண்ணாம்பு அதிகமாக இருந்தால் அலுமினியம் கரையாது. மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் பூ ரோஸ் நிறமாகவே இருக்கும்.

வெள்ளை ஹைட்ராஞ்சியா என்று ஒரு வகை உண்டு. அந்தப் பூவில் இந்தச் சாயம் இல்லை. எனவே எந்த மண்ணில் நட்டாலும் அது நீலம் ஆகாது. வாடும் நேரத்தில் லேசாகப் பச்சையோ ரோஸோ கலக்கலாம். அவ்வளவுதான்.

ஒரே பாறை, இரண்டு மண்

புனே மண்ணில் சுண்ணாம்பு எப்படி வந்தது?

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதியில் பூமி பிளந்து நெருப்புக் குழம்பு வெளியே வந்தது. அடுக்கு அடுக்காகப் பரவி ஆறியது. கறுப்புப் பாறை ஆனது. மகாராஷ்டிர மலைக் கோட்டைகள் பலவும் இந்தப் பாறையின் மேல்தான் நிற்கின்றன. அந்தப் பாறை உடைந்து, நைந்து, கரிசல் மண் ஆனது. பாறையில் இருந்த சுண்ணாம்புச் சத்தும் மண்ணில் கலந்தது. புனே பக்கம் நிலத்தைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் கிடைப்பது உண்டு. அது சுண்ணாம்புதான்.

புனேயில் இருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் மகாபலேஷ்வர் என்ற மலை ஊர் இருக்கிறது. அங்கேயும் அடியில் இருப்பது அதே கறுப்புப் பாறைதான். ஆனால் மேலே இருக்கும் மண் சிவப்பு. அது அமில மண்.

இது எப்படி? மழைதான் காரணம். புனே நகரில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 700 மில்லிமீட்டர். மகாபலேஷ்வரில் 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. அதாவது ஏழு மடங்குக்கு மேல். அவ்வளவு மழை பெய்தால் மண்ணில் உள்ள சுண்ணாம்பு கரைந்து ஓடிவிடும். பல ஆயிரம் ஆண்டுகள் இப்படிக் கழுவப்பட்டால் மண் புளிப்பாகிவிடும். புனேயில் மழை குறைவு. அதனால் சுண்ணாம்பு மண்ணிலேயே நின்றுவிட்டது.

நீலகிரியிலும் மழை மண்ணைக் கழுவிச் சுண்ணாம்பைக் கொண்டுபோய்விட்டது. அங்கே தேயிலை வளர்வதை எல்லோரும் அறிவார்கள். தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும். தேயிலை செழிக்கும் மண்ணில் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூக்கும். இதை அடையாளமாக நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

வீட்டிலேயே மண்ணைச் சோதிக்கலாம்

ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணை எடுக்க வேண்டும். அதை ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். கடையில் விற்கும் வினிகரைக் கொஞ்சம் அதன் மேல் ஊற்ற வேண்டும். 'சுர்' என்று நுரை வந்தால் அந்த மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அங்கே ஹைட்ராஞ்சியா ரோஸ் நிறத்தில்தான் பூக்கும். நுரை வராவிட்டால் சுண்ணாம்பு குறைவு என்று பொருள்.

துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுக்கலாம். விவசாய நிலம் வைத்திருப்பவர்களுக்கு மண் வள அட்டை கொடுக்கும் திட்டத்தை 2015-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கியது. அந்த அட்டையிலும் இந்த எண் எழுதியிருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் அதைத் தாமே பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

தொட்டியில் வளர்ப்பது நல்லது

புனே போன்ற ஊரில் ஹைட்ராஞ்சியாவை நிலத்தில் நடுவதை விடத் தொட்டியில் வைப்பது நல்லது. நிலத்து மண் முழுவதையும் மாற்ற முடியாது. தொட்டி மண்ணை நம் விருப்பப்படி கலக்கலாம். வெயில் ஏறினால் தொட்டியை நகர்த்தவும் முடியும்.

தொட்டியின் வாய் ஓர் அடி அகலமாவது இருக்க வேண்டும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்போது மண் அடைக்காது. தண்ணீரும் தேங்காது.

மண் கலவை இப்படி இருக்கலாம். செம்மண் இரண்டு பங்கு. இலை மக்கு அல்லது தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு. நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. தென்னை நார்த்தூளைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்த பிறகு சேர்க்க வேண்டும். அதில் உள்ள உப்பு போய்விடும்.

செடிகளுக்கு முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் போடுவது பல வீடுகளில் பழக்கம். தக்காளிக்கும் கத்தரிக்கும் அளவாகப் போட்டால் தவறில்லை. ஹைட்ராஞ்சியாவுக்குப் போடக் கூடாது. இரண்டும் மண்ணில் காரத்தைக் கூட்டும். நீல நிறம் வராது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் ஓரத்திலும் இந்தச் செடியை வைக்கக் கூடாது. மழைத் தண்ணீர் சுவரில் வழியும்போது சுண்ணாம்பையும் மண்ணுக்குக் கொண்டுவரும்.

வெயிலும் நிழலும்

இந்தச் செடிக்கு இளவெயில் வேண்டும். காலை பத்து மணி வரை வெயில் பட்டால் போதும். அதன் பிறகு நிழல் வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனி இதற்கு ஏற்ற இடம். மேற்குப் பார்த்த பால்கனி ஆகாது. பிற்பகல் வெயிலில் இலை கருகிவிடும்.

புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் கடும் வெயில். பகலில் 38 டிகிரிக்கு மேலும் போகும். அந்த இரண்டு மாதமும் பச்சை நிற நிழல் வலை கட்டலாம். அல்லது மரத்தடியில் வைக்கலாம். மழை முடிந்த பிறகு அக்டோபர் மாதத்திலும் வெயில் உறைக்கும். அப்போதும் கவனம் தேவை.

தண்ணீர் எப்படி ஊற்றுவது?

மதிய நேரத்தில் ஹைட்ராஞ்சியா இலை தொங்கிப் போகும். பார்த்தால் செத்துவிட்டது போலத் தோன்றும். உடனே பயந்து போய்க் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இது தவறு.

பெரிய இலையில் இருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகப் போகிறது. வேர் அந்த வேகத்துக்குத் தண்ணீர் அனுப்ப முடிவதில்லை. அதனால் இலை தொங்குகிறது. வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். மண் ஏற்கனவே ஈரமாக இருக்கும்போது மேலும் ஊற்றினால் வேர் அழுகும். பிறகு செடி நிமிரவே நிமிராது.

எனவே முதலில் விரலை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஓர் அங்குல ஆழம் வரை காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றலாம். ஈரமாக இருந்தால் தொட்டியை நிழலுக்கு நகர்த்தினால் போதும். மாலையிலும் இலை நிமிரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

காலையில் ஊற்றுவது நல்லது. அடியில் உள்ள ஓட்டை வழியே தண்ணீர் கசியும் வரை ஊற்ற வேண்டும். மண்ணின் மேல் காய்ந்த சருகை இரண்டு அங்குலம் பரப்பி வைக்கலாம். ஈரம் சீக்கிரம் போகாது. தண்ணீர் மிச்சமாகும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். புனே நகரின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடக்வாஸ்லா அணைப் பக்கம் இருந்து வருகிறது. கோடையில் அது போதாமல் போகும். பலர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ நம்பி இருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் அது. அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் நல்ல மண்ணும் நாளடைவில் கார மண்ணாகிவிடும்.

மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. மழைக்காலத்தில் பிடித்து மூடி வைக்கலாம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். ஏ.சி. பெட்டியில் இருந்து சொட்டும் தண்ணீரையும் ஊற்றலாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் சுத்தம் செய்யும் கருவியில் இருந்து கழிவாக வரும் தண்ணீரும் வேண்டாம். அதில் உப்பு அதிகம்.

இலை மஞ்சள் ஆனால்

இலை மஞ்சளாகிறது. ஆனால் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. இது புனே மண்ணில் அடிக்கடி வரும் கோளாறு. செடிக்கு இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். மண்ணில் இரும்பு இருக்கிறது. சுண்ணாம்பு அதிகமாக இருப்பதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. மண் கலவையை மாற்றினால் சரியாகும். நர்சரியில் செடிக்கான இரும்புச் சத்து மருந்து கேட்டு வாங்கி, உறையில் எழுதியிருக்கும் அளவைப் படித்து அதன்படி தெளிக்கலாம்.

கோடையில் இலையின் அடியில் சிலந்திப் பேன் வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இலையில் புள்ளி புள்ளியாக வெளுத்திருக்கும். மெல்லிய நூலாம்படை தெரியும். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வேப்ப எண்ணெய்க் கரைசலை மாலை நேரத்தில் தெளிக்கலாம்.

நீலம் வேண்டுமா?

துருப்பிடித்த ஆணியை மண்ணில் புதைத்தால் நீலப் பூ வரும் என்று பலர் சொல்வார்கள். ஆணி இரும்பு. நீல நிறம் தருவது அலுமினியம். ஆணி புதைப்பதால் பெரிய பயன் இல்லை. குழந்தையின் கையில் குத்திவிடும் ஆபத்துதான் உண்டு.

படிகாரம் எல்லோருக்கும் தெரிந்த பொருள். முடி திருத்தும் கடையில் முகத்தில் தேய்ப்பார்கள். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கவும் பயன்படும். புனே கடைகளில் 'துரட்டி' என்று கேட்டால் கொடுப்பார்கள். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. மண்ணில் புளிப்பையும் அது கூட்டும்.

படிகாரத்தைப் பொடி செய்ய வேண்டும். நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பொடியைக் கரைக்க வேண்டும். முதலில் மண்ணை வெறும் தண்ணீரால் நனைக்க வேண்டும். பிறகுதான் படிகாரத் தண்ணீரை ஊற்ற வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். புதுத் துளிர் வரும்போது தொடங்கி, மொட்டு நிறம் காட்டும் வரை ஊற்றலாம். பூத்து முடிந்த பூவின் நிறம் இதனால் மாறாது. அடுத்து வரும் பூவில்தான் மாற்றம் தெரியும்.

அளவு மீறக் கூடாது. அதிகம் ஊற்றினால் வேர் கருகிவிடும். எலும்புத் தூளும் டி.ஏ.பி. உரமும் போடக் கூடாது. அவற்றில் உள்ள மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும்.

ரோஸ் நிறமே பிடித்திருக்கிறது என்றால் ஒரு செலவும் இல்லை. புனே மண்ணே அந்த நிறத்தைக் கொடுத்துவிடும். ரோஸ் நிறம் குறையல்ல. அது அந்த ஊர் மண்ணின் நிறம்.

அடுத்த ஆண்டு பூக்காதது ஏன்?

இதற்கு இரண்டு காரணம் உண்டு.

முதல் காரணம் கத்தரிப்பு. ஹைட்ராஞ்சியா பெரும்பாலும் முந்தின ஆண்டுக் கிளையில்தான் பூக்கும். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது கிளை நுனியில் பூ மொட்டு உள்ளுக்குள் உருவாகும். அது வெளியே தெரியாது. ரோஜாச் செடியைப் போல இதையும் குளிர்காலத்தில் வெட்டினால் பூவையே வெட்டிவிட்டோம் என்று பொருள். பூ வாடியதும், ஜூன் மாதத்துக்குள், வெட்டிவிட வேண்டும். வாடிய பந்துக்குக் கீழே இரண்டு இலை ஜோடி விட்டு, அதன் கீழே உள்ள கணுவுக்கு மேலாக வெட்ட வேண்டும். அக்டோபருக்குப் பிறகு கத்தரியைத் தொடக் கூடாது.

இரண்டாவது காரணம் குளிர். மொட்டு முற்றுவதற்குச் சில வாரம் குளிர் வேண்டும். ஊட்டியில் அது தாராளமாகக் கிடைக்கிறது. புனேயில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 அல்லது 12 டிகிரி வரை குளிரும். அந்த நாட்களில் தொட்டியை இரவில் வீட்டுக்குள் வைக்கக் கூடாது. வெளியே, திறந்த இடத்தில் வைக்க வேண்டும். குளிர் குறைந்த ஆண்டில் பூவும் குறையும். அது யாருடைய தவறும் அல்ல.

ஆடு மாடு தின்னக் கூடாது

இந்தச் செடியின் இலையிலும் மொட்டிலும் நச்சு இருக்கிறது. ஆடு, மாடு, நாய் தின்றால் வயிறு கெடும். வாந்தியும் பேதியும் வரும். அதிகம் தின்றால் உயிருக்கே ஆபத்து. வெட்டிய கிளைகளை ஆடு மேயும் இடத்தில் போடக் கூடாது. மக்குக் குழியில் போட்டு மூட வேண்டும். குழந்தைகள் பூவை வாயில் வைக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். வெட்டிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சாப்பாட்டுத் தட்டை இந்தப் பூவால் அலங்கரிக்கக் கூடாது.

ஒரு செடி பத்துச் செடி ஆகும்

விதை போட்டு வளர்க்க வேண்டியதில்லை. பதியன் குச்சி போதும். ஜூலை, ஆகஸ்டு மாத மழை இதற்கு ஏற்ற காலம். பூக்காத இளங்கிளையை ஐந்து அங்குல நீளத்துக்கு வெட்ட வேண்டும். கீழ் இலைகளை எடுத்துவிட வேண்டும். மேலே இரண்டு இலை மட்டும் இருக்கட்டும். அந்த இலைகளையும் குறுக்கே பாதியாக வெட்டிவிட வேண்டும். அப்போது தண்ணீர் ஆவியாவது குறையும். ஆற்று மணலும் தென்னை நார்த்தூளும் சமமாகக் கலந்து, அதில் குச்சியை நட வேண்டும். நிழலில் வைத்து ஈரம் காக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும்.

இப்படிச் செடி உண்டாக்கி விற்கலாம். தோட்ட வேலை செய்பவர்களுக்கு இது கூடுதல் வருமானம். ஆனால் விற்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். 'இது நீலமாகவும் பூக்கும், ரோஸாகவும் பூக்கும். உங்கள் மண்ணைப் பொறுத்தது. கடும் வெயிலில் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் வெட்டாதீர்கள்' என்று ஒரு சீட்டில் எழுதிச் செடியோடு கொடுக்கலாம். அந்தச் சீட்டு இருந்தால் பிறகு சண்டை வராது. செடியும் பிழைக்கும். விற்றவர் பேரும் கெடாது.

செய்து பாருங்கள்

ஒரே தாய்ச்செடியில் இருந்து இரண்டு குச்சி எடுங்கள். இரண்டு தொட்டியில் வையுங்கள். ஒரு தொட்டியில் உங்கள் வீட்டு மண்ணைப் போடுங்கள். மற்றொரு தொட்டியில் செம்மண் கலவையைப் போட்டு, படிகாரத் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியின் மேல் 1, 2 என்று எழுதி வையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். குச்சி நட்ட தேதி, துளிர் வந்த தேதி, தண்ணீர் ஊற்றிய விவரம், மொட்டு வந்த தேதி, பூவின் நிறம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பூக்க ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ ஆகலாம். பொறுமையாக இருங்கள்.

ஒரு நாள் யாராவது வந்து, 'இந்தப் பூ ஏன் நிறம் மாறியது?' என்று கேட்பார்கள். அப்போது தலை குனிய வேண்டாம். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. ஆரத்தித் தண்ணீர் சிவப்பது எதனால்?
2. மண் புளிப்பாக இருந்தால் ஹைட்ராஞ்சியா என்ன நிறத்தில் பூக்கும்?
3. மகாபலேஷ்வர் மண்ணில் சுண்ணாம்பு குறைந்தது எப்படி?
4. மதியம் இலை தொங்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
5. எந்த மாதத்துக்குப் பிறகு இந்தச் செடியை வெட்டக் கூடாது? ஏன்?
6. உங்கள் வீட்டு மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரை வந்ததா? எழுதுங்கள்.